சிங்காரத்தின் குடைக்குக் கலைச் சான்று

அல்லிக்குளம் நகராட்சியில் கலைச் சான்று வழங்கும் பிரிவு, பிறப்பு இறப்புப் பிரிவுக்கும் குடிநீர்ப் பிரிவுக்கும் நடுவில் இருக்கிறது. திங்கள்கிழமை காலை பத்தரை மணிக்கு அங்கே பதினேழாம் எண் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர் ஒரு வீடியோ கேமில் குடியிருப்பவர். பெயர் சிங்காரம். தான் குடியிருக்கும் ஆட்டம் ஒரு கலை என்று எழுதி வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். அவருக்கு முன்னால் பதினாறாம் எண் ஒரு மாடிப்படி. பழைய கோர்ட்டுக் கட்டடத்திலிருந்து வந்திருந்தது. பெஞ்சில் உட்கார வசதிப்படாமல் சுவரோரம் சாய்ந்து நின்றது.

அந்த ஊரில் கலை என்று சான்று பெற்ற பொருளை யாரும் இடம் மாற்றக் கூடாது. வாரத்துக்கு இரண்டு முறை தூசி தட்டலாம், அவ்வளவுதான். பேருந்து நிலையத்தைப் பழைய கோர்ட்டு வரைக்கும் அகலப்படுத்துவதற்காக வெள்ளிக்கிழமை லாரி வருவதாக இருந்தது. சான்று இல்லாத பொருளெல்லாம் லாரியில் ஏறி உலைக்குப் போகும். பேருந்து நிலையத்தின் பின்புறம், நாகூர்மீரான் பாயின் கடையில் நிற்கும் வீடியோ கேம் மெஷின் அந்தப் பட்டியலில் 'இரும்புச் சாமான், ஒன்று' என்று ஏறியிருந்தது.

சிங்காரம் உலைக்குப் பயந்த ஆளில்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை சாகிறவருக்கு உலை என்ன, கிணறு என்ன. அவருடைய கவலை வேறு. ஆட்டத்தின் பன்னிரண்டாம் திரையில், ஒரு பேருந்து நிறுத்தத்தில், அவருடைய மனைவி பொற்கொடி குடையில்லாமல் மழையில் நின்றுகொண்டிருந்தாள். 1997-ஆம் வருடத்திலிருந்து நிற்கிறாள்.

ஆட்டமே அதுதான். சிங்காரம் முதல் திரையில் வீட்டு வாசலிலிருந்து ஒரு குடையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பன்னிரண்டு திரை கடந்து போய் அதை மனைவியின் கையில் கொடுக்க வேண்டும். மூன்றாம் திரையில் ஒரு நாய் கடிக்கும். ஐந்தாம் திரையில் டவுன் பஸ் மேலே ஏறும். ஏழாம் திரையில் மூடியில்லாத சாக்கடை. ஒன்பதாம் திரையில் தலையில் தேங்காய் விழும். இதற்கு மூன்று உயிர். இருபத்தெட்டு வருடத்தில் ஊரில் பாதிப் பேர் காசு போட்டு அவரை நடத்திப் பார்த்துவிட்டார்கள். பன்னிரண்டாம் திரையை யாரும் கண்ணால் கண்டதில்லை.

யாரும் ஆடாத நேரத்தில் அவரே பேசாமல் நடந்து போய்க் குடையைக் கொடுத்துவிட்டு வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நடக்கப் பாதை வேண்டுமே. காசு விழுந்தால்தான் தெரு வரும், தெரு வந்தால்தான் மழை வரும், யாராவது பொத்தானை அமுக்கினால்தான் அவருக்குக் கால் வரும். ஆடாத நேரத்தில் அவரால் முடிந்தது கண்ணாடியைத் தாண்டி வெளியே இறங்குவது ஒன்றுதான். அதற்காகப் பாய் மெஷினுக்குக் கீழே ஒரு சாக்கைப் போட்டு வைத்திருந்தார். சிங்காரம் அதில் காலைத் துடைத்துக்கொண்டு, வலப்பக்கம் இருக்கும் தேநீர்க் கடைக்குப் போவார். வலப்பக்கமும் இடப்பக்கமும்தான் அவருக்குப் போக வரும். ரோட்டைக் கடப்பதென்றால் யாராவது தோளைப் பிடித்துத் திருப்பி விட வேண்டும், பீரோவைத் திருப்புவது மாதிரி. அன்றைக்கும் பாய்தான் அவரை நாலு தடவை திருப்பி நகராட்சி வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தார்.

"பதினேழு" என்று கூப்பிட்டார் உதவியாளர் தேவசகாயம். மாடிப்படிக்கு வேலை முடிந்திருந்தது. கதவில் இடிக்காமல் பக்கவாட்டில் வெளியே போயிற்று.

"பேரு?"

"சிங்காரம்."

"தகப்பனார் பேரு?"

"சாமுவேல், ரேடியோ மெக்கானிக்."

"இனிஷியல் 'சா'ன்னு போட்டுக்கிறேன். வயசு?"

"அவர் என்னை வரைஞ்சப்பவே நாற்பதுங்க. இன்னிக்கும் நாற்பது."

"நல்லதாப் போச்சு. திருத்த வேண்டியதில்ல." தேவசகாயம் படிவத்தில் விரலை ஓட்டினார். "ஓவியமா, சிலையா, பாட்டா, படியா?"

'படி' என்ற வார்த்தை பென்சிலில் புதிதாக எழுதியிருந்தது.

"ஆட்டம்ங்க. வீடியோ கேம்."

தேவசகாயம் பென்சிலை எடுத்து, படிக்குக் கீழே 'ஆட்டம்' என்று எழுதி அதற்கு நேரே ஒரு டிக் போட்டார்.

உள்ளறையிலிருந்து கலை ஆய்வாளர் அங்கயற்கண்ணி வந்தார். ஐம்பது வயதிருக்கும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடி நடக்கும் வழக்கம் அவருக்கு. உத்தியோகம் அப்படி. சிங்காரம் எழுந்து இடக்கையை மட்டும் நெஞ்சுக்கு நேரே தூக்கினார்.

"மன்னிக்கணும் மேடம். ரெண்டு கையும் சேராது. வலது கையையும் குடையையும் சாமுவேல் ஒரே படமா வரைஞ்சுட்டாரு. கீழ வைக்க வராது. யாருக்கும் முழுசா ஒரு வணக்கம் சொன்னதில்ல."

"பரவாயில்லை" என்றார் அங்கயற்கண்ணி. "உங்க ஆட்டத்துல கடைசியா என்ன ஆகும்?"

"தெரியாதுங்க. யாரும் அதுவரைக்கும் போனதில்ல."

"நீங்களுமா பாத்ததில்லை?"

"பாத்திருந்தா குடையைக் குடுத்திருப்பேனே மேடம்."

அங்கயற்கண்ணி அதை ஒத்துக்கொண்டு விதிமுறையைச் சொன்னார். கலையா இல்லையா என்று பார்க்கப்படும் பொருளின் முன்னால் ஆய்வாளர் மூன்று நாழிகை, அதாவது எழுபத்திரண்டு நிமிடம், நிற்பார். அவருடைய கைகளைப் பின்னால் கட்டி அரக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். அவர் மட்டுமல்ல, அந்த நேரத்தில் யாருமே பொருளைத் தொடக் கூடாது. தொட்டால்தான் வேலை செய்யும் என்றால் அது கருவி, கலை ஆகாது. இந்த விதியில் ஏற்கெனவே ஓர் அம்மிக்கல் தோற்றிருக்கிறது. ஒரு வீணையும் தோற்றது. ஆனால் வீணையின் சத்தத்துக்குத் தனியாகச் சான்று கொடுத்தார்கள். அது இப்போதும் நூலகத்தின் மாடியில் இருக்கிறது. திங்களும் வியாழனும் தூசி தட்டுகிறார்கள்.

"அமுக்கலைன்னா நான் நடக்க மாட்டேனே மேடம். சும்மா வாசல்ல நிப்பேன். அதைப் பாத்து யாரு கலைன்னு சொல்லுவாங்க?"

"கலைன்னா நடக்கணும்னு விதியில எங்கயும் இல்லை" என்றார் அங்கயற்கண்ணி. "வியாழக்கிழமை மூணு மணிக்கு வர்றேன்."

அன்று சாயங்காலம் தேநீர்க் கடையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். சிங்காரத்துக்கு எப்போதும் பிளாஸ்டிக் நாற்காலிதான்; மரத்தில் உட்கார்ந்தால் அவர் உடம்பின் மழை ஈரத்துக்கு மரம் ஊதிவிடும். அவருக்கு எதிரே பாய். பக்கத்தில் அருளானந்தம், மினி பஸ் கண்டக்டர். ஊரிலேயே சிங்காரத்தைப் பதினோராம் திரை வரைக்கும் கொண்டுபோன ஒரே ஆள் அருளானந்தம்தான். போன ஆடி மாசம். அன்றைக்கு அவருடைய பஸ் இரண்டு டிரிப் போகவில்லை. பயணிகளும் இறங்கி வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். பதினோராம் திரையில் ஒரு வாழைப்பழத் தோல் கிடக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"பாருங்கண்ணே" என்று அருளானந்தம் வலது கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். அதில் காய்ப்புக் காய்த்திருந்தது. "டிக்கெட் கிழிச்சு வந்ததுன்னு என் வீட்டுக்காரி நினைச்சுக்கிட்டிருக்கா. உங்களால வந்தது. அந்த அம்மா கையக் கட்டிக்கிட்டு நிக்கட்டும். நான் ஒரு நூலைக் கட்டி இங்க பெஞ்சுக்கு அடியில உக்காந்து இழுக்கிறேன். நூல் தொட்டா நான் தொட்டதா ஆகுமா?"

"ஆகும்" என்றார் பாய். "அதோட, பொய் சொல்லி வாங்குற சான்றை எந்தச் சுவத்துல மாட்டுறது? உன் பஸ்ஸுலயா?"

"என் பஸ்ஸுல மாட்டுனா என்ன பாய்? ஏற்கெனவே அதுல ஒரு கண்ணாடி இல்ல. அந்த இடம் சும்மாத்தான் கிடக்கு."

சிங்காரம் சிரித்தார். சதுரம் சதுரமாக வரைந்த உடம்பில் அவர் மீசை நாலு சதுரம். சிரித்தால் ஐந்தாகும். பிறகு டீ கிளாஸை இடக்கையால் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"என்னை இத்தனை வருஷம் விழ வச்சீங்க. சாக்கடைக்குள்ள, பஸ்ஸுக்கு அடியில, எல்லா இடத்துலயும். ஆனா விழ வைக்கணும்னு ஒரு கைகூட வந்ததில்ல. எல்லாக் கையும் அவகிட்ட என்னைச் சேத்துடணும்னுதான் வந்துச்சு. ஒரு தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தர் மத்தியானச் சாப்பாட்டை விட்டுட்டு வந்து ஆடுவாரு. விழுந்ததும் என்னைப் பாத்து 'சாரி சார்'ம்பாரு. ரெண்டு நர்ஸம்மா வருவாங்க, ஒருத்தி அமுக்க, ஒருத்தி கண்ணை மூடிக்குவா. இவங்களுக்கெல்லாம் ஒரு நாளாவது கையெடுத்துக் கும்பிடணும்னு நினைச்சிருக்கேன். லாரி வந்துருச்சுன்னா அவளும் அங்கயே நிப்பா, இதுவும் பாக்கி நிக்கும்."

பாய் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, மெஷினின் கண்ணாடியை ஒரு தடவை துடைத்துவிட்டு வந்தார். தினமும் ஏழெட்டுத் தடவை துடைப்பார். அது கணக்கில் இல்லாத ஒரு தடவை.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அங்கயற்கண்ணி வந்தார். தேவசகாயம் கோப்பு கட்டும் சிவப்பு நாடாவால் அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பின்னால் சேர்த்துக் கட்டி, அரக்கை உருக்கி முடிச்சில் முத்திரை வைத்தார். காசு போடுவது தொடுவதாகுமா என்று ஒரு சின்னக் கேள்வி வந்தது. கோயில் உண்டியலில் காசு போடுகிறவர் சாமியைத் தொட்டதாக அர்த்தமில்லை என்று தேவசகாயம் தீர்ப்புச் சொன்னார். பாய் காசைப் போட்டார்.

தெரு வந்தது. மழை வந்தது. சிங்காரம் முதல் திரையில் தன் வீட்டு வாசலில், மடக்கிய குடையோடு நின்றார். அந்தக் குடையை அவர் ஒருநாளும் தனக்காக விரித்ததில்லை. அது பொற்கொடிக்கு எடுத்துப் போகிற குடை. அதனால் எப்போதும் தொப்பலாக நனைந்துதான் நடப்பார்.

அமுக்குவதற்கு யாரும் இல்லாமல் அந்த வாசலில் நிற்பது அவருக்குப் புதிது. காசைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்கிற மனிதனை அவர் பார்த்ததில்லை. வழக்கமாகத் தெரு வந்த அரை நொடியில் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது மாதிரி இருக்கும். இப்போது முதுகு சும்மா இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அங்கயற்கண்ணியின் முகம் அவரை நேராகப் பார்த்தது. அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. நகராட்சியில் அதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

பத்தாம் நிமிடம் பாயின் கை தானாக எழுந்து சுவரிலிருந்த சுவிட்சுக்குப் போயிற்று. பத்து நிமிடம் யாரும் ஆடவில்லை என்றால் மெஷினை அணைத்துவிடுவது அவருடைய வழக்கம், கரண்டு மிச்சம். ஆளுக்குத் தெரியாமல் கை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"பாய்! கை!" என்று கத்தினார் அருளானந்தம்.

பாய் தன் கையைப் பார்த்து வெட்கப்பட்டார். "இதையும் கட்டிருங்க தேவசகாயம்" என்று முதுகைத் திருப்பிக் காட்டினார். தேவசகாயம் நாடாவை வெட்டிக் கட்டினார்.

பதினைந்தாம் நிமிடம் அருளானந்தத்தின் கட்டைவிரல் துடிக்க ஆரம்பித்தது. "வலது, வலது, வலதுண்ணே..." என்று முணுமுணுத்தார். "என்னால தாங்க முடியல. எனக்கும் ஒரு முழம் போடுங்க சார்." அவருக்கும் போட்டார்கள். பிறகு டிக்கெட் எடுக்க வந்தவர்கள், டீ குடிக்க வந்தவர்கள், தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தர், இரண்டு நர்ஸம்மாக்கள் என்று ஒவ்வொருவராக வந்து முதுகைக் காட்டினார்கள். அரக்குத் தீர்ந்துபோய் மெழுகுவத்தியில் முத்திரை வைத்தார் தேவசகாயம்.

இருபதாம் நிமிடம் மூன்றாம் திரையின் நாய், ஆள் வரக்காணோமே என்று முதல் திரைக்கு வந்தது. சிங்காரம் கண்ணை மூடிக்கொண்டார். கடி விழவில்லை. நாய் அவர் காலை முகர்ந்தது, உடம்பை உதறியது, அவருடைய செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

முப்பத்தைந்தாம் நிமிடம் டவுன் பஸ் வந்து வீட்டெதிரே நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்ன சிங்காரம், இன்னிக்கு வரல?"

"இன்னிக்கு யாரும் அமுக்கலைங்க."

"அப்ப நான் ஏத்த வேண்டியதில்ல?"

"வேண்டியதில்லன்னு நினைக்கிறேன்."

"நல்லதாப் போச்சு" என்று டிரைவர் இன்ஜினை அணைத்தார். "பாவமாத்தான் இருக்கும் ஒவ்வொரு தடவையும். ரூட்டு அப்படி, என்ன செய்ய." அவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

ஐம்பதாம் நிமிடம் ஒன்பதாம் திரையின் தேங்காய் உருண்டு வந்து வாசற்படிக்கு அருகே நின்றது. ஏழாம் திரையின் சாக்கடையால் வர முடியவில்லை. தன் தவளையை அனுப்பியிருந்தது. வாழைப்பழத் தோல் கடைசியாக வந்து, யார் காலிலும் படாமல் ஓரமாகக் கிடந்தது. சிங்காரத்தைக் கொன்றவர்கள் எல்லாரும் அந்த வாசலில் கூடிவிட்டார்கள். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரியும் இருந்தது, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரியும் இருந்தது.

சிங்காரத்துக்குக் கவலை கூடிக்கொண்டே போயிற்று. இது வெறும் கூட்டம், இதைப் பார்த்து என்ன சான்று எழுதுவார்கள் என்று நினைத்தார். பேருந்து நிறுத்தம் இருக்கும் வலப்பக்கத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் பதினோரு திரை தூரம் ஒரே மழை. பொற்கொடியின் முகத்தை மனதில் கொண்டுவரப் பார்த்தார். சாமுவேல் அவளை எப்படி வரைந்திருப்பார் என்றுகூட அவருக்குத் தெரியாது. பெயரை மட்டும்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

அறுபதாம் நிமிடம் மழை மெலிந்தது.

அறுபத்தோராம் நிமிடம் நின்றுவிட்டது.

பாய் திடுக்கிடவில்லை, ஆனால் காதைத் தடவப் பார்த்தார், கை கட்டியிருந்ததால் தோளில் தேய்த்துக்கொண்டார். இருபத்தெட்டு வருடமாகக் கடையில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. அது இல்லாதபோதுதான் கடையில் ஒரு மின்விசிறி ஓடுவது அவருக்குத் தெரிந்தது. திரையில் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. அப்புறம் அதுவும் இல்லை.

வலப்பக்க ஓரத்திலிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டே வந்தாள். பன்னிரண்டு திரை நடந்து வந்த அலுப்பு முகத்தில் இருந்தது. சிங்காரத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, இங்கயேவா நிக்கிறீங்க?"

"குடை கொண்டு வரலாம்னு..."

"கொண்டு வந்த லட்சணத்தைத்தான் பாக்கிறேனே. வாசப்படியே தாண்டல."

"வந்துக்கிட்டேதான் இருந்தேன் பொற்கொடி. இன்னிக்கு ஒருநாள்தான் நின்னேன்."

"தெரியும். நீங்க விழுற சத்தம் ஒவ்வொரு தடவையும் கேக்கும். மழைக்கு நடுவுல 'தொப்'புன்னு. போன ஆடியில ஒருநாள் ரொம்பப் பக்கத்துல கேட்டுச்சு. வந்துட்டாருன்னு தலையைக்கூட வாரிக்கிட்டேன்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அருளானந்தம் மூக்கை உறிஞ்சினார். "அது நான்தாங்கக்கா. அந்தத் தோலைப் பாக்கலக்கா."

"நீங்கதானா தம்பி? பரவால்ல, விடுங்க. அவருக்கு எப்பவுமே கீழ பாத்து நடக்கிற பழக்கம் இல்ல." பொற்கொடி புருஷன் பக்கம் திரும்பினாள். "மழை விடட்டும், நடந்துரலாம்னுதான் நான் நின்னேன். நீங்க கிளம்பிக்கிட்டே இருந்தா அது எப்படி விடும்? குடுங்க இப்படி. கை வலிக்கல?"

அவள் அவர் கையிலிருந்து குடையை வாங்கினாள். ஒரே படமாக வரைந்ததுதான். அவள் வாங்கியதும் சின்னச் சத்தம்கூட இல்லாமல் வந்துவிட்டது. வீட்டுக்குள் போய் ஆணியில் மாட்டிவிட்டு, ஈரத் தலையைத் துவட்டத் துண்டு எங்கே என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

சிங்காரம் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிறார். நாலு சதுரம் இருந்தது. அதைக் கொண்டுபோய் இடது கையின் நாலு சதுரத்தோடு சேர்த்தார். பொருந்தியது. கண்ணாடியை நோக்கித் திரும்பினார். நேராகத் திரும்ப அவருக்கு வராது என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு யாரும் தோளைப் பிடிக்காமலே திரும்பினார். பாயைப் பார்த்துக் கும்பிட்டார். அருளானந்தத்தைப் பார்த்து, தலைமை எழுத்தரைப் பார்த்து, நர்ஸம்மாக்களைப் பார்த்து, பின்வரிசையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக் கும்பிட்டார். அவசரப்படவில்லை. பிறகு நாய்க்கும் பஸ்ஸுக்கும் தேங்காய்க்கும் தவளைக்கும் தோலுக்கும் திரும்பிக் கும்பிட்டார்.

"எல்லாரும் ரொம்பப் பாடுபட்டுட்டீங்க" என்றார். "நல்லா இருங்க."

இந்தப் பக்கம் இருந்தவர்களால் பதிலுக்குக் கும்பிட முடியவில்லை. எல்லார் கையும் பின்னால் கட்டியிருந்தது. அங்கயற்கண்ணி முதலில் தலை குனிந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தார்கள். பேருந்து நிலையத்தின் பின்புறம் ஐம்பது அறுபது பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார்கள். மெஷினில் எழுபத்திரண்டாம் நிமிடம் முடிந்தது.

தேவசகாயம் பதிவேட்டைத் திறந்தார். ஆய்வாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதில் ஒன்றே ஒன்றுதான் உண்டு.

"மூன்று நாழிகை முடிந்தது. கிளம்ப விரும்புகிறீர்களா?"

ஆமாம் என்று சொன்னால் அது கலை இல்லை. அம்மிக்கல்லின் முன்னால் அங்கயற்கண்ணி, கேள்வி வருவதற்கு முன்னாலேயே, இருபதாம் நிமிடம் ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்.

திரையில் வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. "இந்தத் துண்டாங்க? இது துண்டா, தரை துடைக்கிறதா?" என்று பொற்கொடியின் குரல் கேட்டது. சிங்காரம் என்ன பதில் சொல்லப் போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க தேவசகாயம்" என்றார் அங்கயற்கண்ணி.

தேவசகாயம் அதையே பதிலாக எழுதிக்கொண்டு முத்திரை வைத்தார்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. மெஷினில் ஒட்டியிருந்த சான்றைப் படித்துவிட்டு, டிரைவர் அதைச் சுற்றிக்கொண்டு போனார். மாடிப்படிக்குச் சான்று கிடைக்கவில்லை. மிதிப்பதும் தொடுவதுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் உத்தரவுத் தாளில் இடம் மாற்ற வேண்டும் என்றுதான் இருந்தது, உலைக்கு என்றோ எவ்வளவு தூரம் என்றோ இல்லை. ஆகையால் டிரைவர் அதைக் கோர்ட்டிலிருந்து ஏற்றி வந்து மெஷினுக்கு எதிரே இறக்கி வைத்தார். இப்போது ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் அதில் வரிசையாக உட்காருகிறார்கள். பாய் காசை வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு முழம் நாடா கொடுக்கிறார். அருளானந்தம் டிரிப்புக்கு நடுவில் வந்து கட்டிவிடுகிறார். டிக்கெட் கிழித்த கை, முடிச்சு நன்றாக விழுகிறது.

காசு விழும் ஒவ்வொரு தடவையும் பொற்கொடி பழையபடி பேருந்து நிறுத்தத்துக்குப் போய் நிற்கிறாள். அலுக்கவில்லையா என்று ஒரு நர்ஸம்மா கேட்டதற்கு, "வீட்டுக்குப் போயிருவோம்னு தெரிஞ்சு நிக்கிறதுல என்ன அலுப்புங்க?" என்றாள். சிங்காரம் வாசலில் நிற்கிறார். நாய்க்கு ஒரு ரொட்டி வாங்கி வைத்திருக்கிறார்.

அறுபத்தோராம் நிமிடத்துக்கு மேல் மழைக்கு வேலை இல்லை. இத்தனை வருடத்தில் அதற்கும் இப்போதுதான் ஓய்வு நேரம் கிடைத்திருக்கிறது.

அடுத்த திங்கள்கிழமை காலை அது நகராட்சி அலுவலகத்தில் பதினெட்டாம் எண் டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பெஞ்சுக்கு அடியில் சாக்குப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துக்காகச் சிங்காரம் வந்திருந்தார், ஆணியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு.

"பேரு?" என்றார் தேவசகாயம்.

"மழை."

"தகப்பனார் பேரு?"

"சாமுவேல், ரேடியோ மெக்கானிக்."

"மழை சாட்சிக்காரருக்கு என்ன உறவு?"

"கூடப் பிறந்தது மாதிரிங்க" என்றார் சிங்காரம். "ஒரு நாள் லீவு போடாம என்கூட நின்னிருக்கு."

தேவசகாயம் 'ஆட்டம்' என்பதற்குக் கீழே பென்சிலில் ஒரு வரி சேர்த்தார். எழுத எழுத எழுத்துக் கரைந்தது. சிங்காரம் குடையை விரித்துப் பதிவேட்டுக்கு மேல் பிடித்தார். விரித்தபோதுதான் அதன் உள்பக்கம் பூப் போட்டது என்று தெரிந்தது.

அங்கயற்கண்ணி உள்ளறையிலிருந்து கையைப் பின்னால் கட்டியபடி வந்தார். விதிமுறையைச் சொன்னார். மூன்று நாழிகை. யாரும் தொடக் கூடாது.

"எனக்குத் தொடாம இருக்க வராதே மேடம்" என்றது மழை.

"நீங்க தொடலாம்" என்றார் அவர். "நாங்கதான் தொடக் கூடாது. வியாழக்கிழமை மூணு மணிக்கு மொட்டை மாடிக்கு வந்துருங்க."

மழை நன்றி சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போயிற்று. தேவசகாயம் ஈரப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "பத்தொன்பது" என்று கூப்பிட்டார். பெஞ்சின் ஓரத்தில் படுத்திருந்த நாய், வாயில் டோக்கனைக் கவ்விக்கொண்டு எழுந்து வந்தது.